இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

ஊரில் அவரை 'ஆஸ்பத்திரியார்' என்பார்கள். ஆஸ்பத்திரியில் 'ஏய் லிஃப்ட்டு' என்பார்கள். இரண்டு பெயருக்கும் நடுவே ஏழு மணி நேர பஸ் பயணம் இருந்ததால், ஒன்றையொன்று சந்திக்காமல் இரண்டும் இருபத்திரண்டு வருடம் நிம்மதியாக வாழ்ந்தன.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்டை ஓட்டுவது அவர் வேலை. ஒரு முக்காலி, ஒரு கைப்பிடி, காக்கிச் சட்டை. ஏறுகிறவர்களிடம் "எத்தனாவது?" என்று கேட்பார். அதைத் தாண்டி அந்தக் கட்டடத்தில் அவர் கேட்டு யாரும் பதில் சொன்னதில்லை.

பிறகு எப்படி ஆஸ்பத்திரியார் ஆனார் என்றால், அதற்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஊர்க்காரர் ஒருவர் மூச்சு இரைக்க வந்து நின்றார். சீட்டு வாங்கும் வரிசை வாசல் கேட்டைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து நெஞ்சு டாக்டர் லிஃப்டில் ஏற, நம்மவர் ஊர்க்காரரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே உள்கதவை ஒரு விரற்கடை நகர்த்தினார். அந்த ரக லிஃப்ட், கதவு அசைந்தால் அங்கேயே நின்றுவிடும்.

"கொஞ்சம் மக்கர் பண்ணுது சார். ரெண்டே நிமிஷம்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் ஊர்க்காரரைப் பார்த்தார்.

"என்னய்யா, ஏன் இப்படி மூச்சு வாங்குற? சட்டையைத் தூக்கு."

சாயங்காலத்துக்குள் ஊர்க்காரருக்குக் கட்டில் கிடைத்தது. பிழைத்தும்விட்டார். பிழைத்தவர் சும்மா இருப்பாரா? 'பெரிய டாக்டரையே நிக்க வெச்சுப் பேசுறாருப்பா நம்ம ஆளு' என்று ஊர் முழுக்கச் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் விசேஷம்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அது நம்மவருக்காகக் காத்திருந்தது. அரை மணி தூரத்து டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, மருந்து, மாத்திரை எல்லாம் உண்டு. ஊர்ச் சனம் அதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நகரத்துக்குப் போயிற்று. "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்பது கேள்வி. நோய்க்கு மருந்து போதும் என்று நம்புவதற்கு அவர்கள் என்ன ஏமாளிகளா?

வந்தவர்களுக்கெல்லாம் லிஃப்ட் அதே இடத்தில் மக்கர் பண்ணிற்று. அவர்கள் எல்லோரும் தங்கியது அவருடைய ஒற்றை அறையில்தான். ஆளுக்கொரு பூசணிக்காய் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி கட்டிலுக்கடியில் அவற்றை உருட்டிவிட்டு, "வாசல்ல 'பெட்டு காலியில்லை'ன்னு எழுதிப் போடட்டுமாங்க?" என்பாள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஊருக்குப் போனால் வழக்கு பேசும் இடத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த நாற்காலி.

போன வருடம் ஆஸ்பத்திரியில் புது லிஃப்ட் போட்டார்கள். எஃகுக் கதவு. தானே திறந்து தானே மூடியது. எத்தனாவது தளம் என்று ஒரு பெண்குரல் சொல்லிற்று. முக்காலியைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்கள். அவரை வாசலோரம் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்க உட்கார வைத்தார்கள். சட்டை மட்டும் அதே காக்கி. அதனால் ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஊரிலிருந்து யாராவது வருகிறேன் என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, இவரு வயல்ல ஏதோ இரும்புத் துண்டை மிதிச்சிட்டாரு. சர்க்கரை வேற இருக்குல்ல, புண்ணு ஆறவே மாட்டேங்குது. டவுன் நர்ஸம்மா தினம் வந்து கட்டு மாத்திக்கச் சொல்லுது. இவரு கேட்டாத்தானே? போனா மச்சான்கிட்டதான் போவேன்னு உக்காந்திருக்காரு."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் போனில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "மச்சான் எப்ப வரச் சொல்றாரு, கேளு!" அந்தக் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"சர்க்கரை டாக்டர் லீவுல இருக்காரும்மா. வந்ததும் சொல்றேன்."

அடுத்த முறை டாக்டர் வெளிநாடு போயிருந்தார். அதற்கடுத்த முறை, "புது டாக்டர் வந்திருக்காரு, கொஞ்சம் பழக்கமாகட்டும்" என்றார். இல்லாத டாக்டரின் லீவை நீட்டித்துக் கொடுத்தபடியே இரண்டரை மாதம் போயிற்று. புண்ணுக்கு லீவு கிடையாது.

ஒரு காலை, கேட்டுக்கு எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் கால் துணிச் சுற்றில் இருந்தது. தங்கையின் இடுப்பில் பூசணிக்காய் இருந்தது. அவர் டோக்கன் புத்தகத்தை அவசரமாகப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். கிட்டே போனதும் வாடை முகத்தில் அடித்தது.

"ஏன் மச்சான் வெயில்ல நிக்கிறீங்க? எங்களைப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று மாப்பிள்ளை பூரித்துப்போனார்.

ஒன்பது மணிக்கே சீட்டு தீர்ந்திருந்தது. இருவரையும் புது லிஃப்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அதிர்ஷ்டம், சர்க்கரை டாக்டர் நிஜமாகவே உள்ளே நின்றார். கதவு மூடியது. மாப்பிள்ளை அவர் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "நிறுத்துங்க மச்சான்."

அவர் கட்டைவிரல் கதவின் ஓரத்தைத் தேடியது. ஓரமே இல்லை. வழவழவென்று எஃகு. இரண்டு, மூன்று என்று எண்கள் மாறின. டாக்டர் செல்போனைப் பார்த்தபடி நின்றார். "சார்..." என்று இவர் வாயெடுப்பதற்குள் பெண்குரல் நான்காம் தளம் என்றது. டாக்டர் இறங்கிப் போய்விட்டார். மொத்தம் பதினோரு வினாடி.

தங்கை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உன் முக்காலி எங்க?"

மாப்பிள்ளையை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, படிக்கட்டில் வைத்துத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை, அண்ணே. 'நான் இப்ப அங்க இல்ல'ன்னு ஒரே வார்த்தை."

"ஊருல என்ன நினைப்பாங்கன்னு..."

"ஊரு நினைக்கிறதுக்கு என் வீட்டுக்காரர் காலுதான் கிடைச்சுதா?"

அவசரப் பிரிவு வரிசையில் எல்லோரையும் போல நின்றார்கள். அறுவை டாக்டர் துணியைப் பிரித்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டரை மாசம்," என்றாள் தங்கை.

"பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லையா உங்களுக்கு?"

மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "இருக்கு சார். ஆனா அங்க நம்ம ஆளு இல்லியே."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான்காம் நாள் மாப்பிள்ளைக்குப் பேச்சு தெளிந்தது. தங்கை அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் கதை அளந்துகொண்டிருந்தார். "இவரு என் மச்சான். இவரு மட்டும் இல்லேன்னா உசுரே போயிருக்கும். காலோட போச்சேன்னு சந்தோஷப்படணும். இங்க எல்லா டாக்டரும் இவருக்குப் பழக்கம்." பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கடியிலிருந்து தன்னுடைய எக்ஸ்ரே சீட்டை எடுத்து நீட்டத் தயாரானார்.

நம்மவரின் போன் அடித்தது. ஊர் மாவுமில்காரர். சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"ஆஸ்பத்திரியாரே! மாப்பிள்ளையைக் காப்பாத்திட்டீங்களாமே, ஊரே பேசுது! என் பொண்ணுக்குப் பத்து நாளா காய்ச்சல். நாளைக்கு பஸ் ஏறட்டுமா?"

"வேண்டாம்ப்பா. டவுன்லயே காட்டு."

"சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் செய்வீங்களோ?"

"நான் இப்ப லிஃப்ட்ல இல்லப்பா."

"அட, புரமோஷனா? சந்தோஷம்! அப்ப கண்டிப்பா வரோம்."

பொய் சொன்னபோது அவருக்கு வரிசையாக வந்து விழுந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. தங்கை அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான் பேசுறேன், கேட்டுக்க. எங்க அண்ணன் கீழ வண்டிக்கு டோக்கன் குடுக்குது. ஒரு வருஷமாச்சு. இங்க அதுக்கு ஒரு டாக்டரையும் தெரியாது. நாங்க நம்பி வந்தோம், இவரு கால் போயிடுச்சு. நீ நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்காத. டவுனுக்கு அரை மணிதான். இப்பவே புள்ளையைத் தூக்கிட்டு ஓடு."

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

பக்கத்துக் கட்டில்காரர் எக்ஸ்ரே சீட்டைப் பழையபடி தலையணைக்கடியில் செருகினார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏண்டி," என்றார் மெதுவாக, "அதை இப்படி எல்லாருக்கும் கேக்குற மாதிரியா சொல்லுவ?" சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம்மவர் படிக்கட்டு வழியாகவே இறங்கி ஸ்டாண்டுக்குப் போனார்.

மில்காரர் மகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல அவர் யார்? மறுநாள் காலை பஸ் வந்து நிற்கும் நேரத்துக்கு எழுந்து நின்று, கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஊர்ச் சனம் யாரும் இறங்கவில்லை. டவுனிலேயே காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் எட்டிப் பார்த்தார். "யோவ், டோக்கனைக் குடுய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.