பித்தளைக் கொளுக்கியும் பாவாடை நாடாவும்

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்துப் பெண்களுக்கு விமான நிலையச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினால், வழியில் எத்தனை செக் பொயின்டில் இறக்கி ஏற்றுவார்கள் என்று கணக்கே இல்லை. முக்காட்டில் ஊசி, பையில் கொளுக்கி என்று எது கண்ணில் பட்டாலும் ஒரு கேள்வி, ஒரு தடவல். பட்டுப் பட்டு, பயணத்துக்கென்றே உடுக்கப் பழகியிருந்தேன்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான். முக்காட்டை ஊசியால் குத்தாமல் நாடிக்குக் கீழே நூலால் தைத்துக்கொண்டேன். காப்புகளைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். காலில் றப்பர் செருப்பு.

என் கணவர் வேறு மாதிரி. இரும்புக் கடை வைத்திருந்தவர். எதைக் கட்டினாலும் உறுதியாகக் கட்ட வேண்டும் அவருக்கு. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் உடுக்கிற இஹ்ராம் என்பது தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான். ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. உள்ளே வேறெதுவும் கிடையாது. அந்த இடுப்புத் துணிக்காகப் பஸாரெல்லாம் தேடி, முன்னால் பெரிய பித்தளைக் கொளுக்கி வைத்த அகல வார் ஒன்று வாங்கினார். போதாததற்கு, கூட வந்த இரண்டு ஹாஜிமாரையும் அதே போல வாங்க வைத்தார்.

"இது மெஷின்ல சத்தம் போடும். நாடாவக் கட்டுங்க" என்றேன். நாலைந்து நாடா வெட்டியும் வைத்திருந்தேன்.

"பொம்புளட பாவாட நாடாவக் கட்டிக்கிட்டு மக்கத்துக்குப் போகச் செல்றியா?"

நான் நாடாக்களைக் கைப்பையில் போட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெண்கள் வரிசை முதலில் நகர்ந்தது. என்னைத் தடவிப் பார்த்த பெண் அதிகாரி ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், ஆண்கள் வாசலில் என் கணவர் நுழைய மெஷின் கத்துகிறது. அதிகாரி வாரைக் காட்டினார். இவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டார். கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். ஒரு கையைத் தூக்கினார். மற்றதையும் தூக்கு என்றார்கள்.

 துணி விழுந்துவிடுமே என்பது எனக்கு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அவருடைய வாய். கடையில் வாங்கின சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவனோடு தெருக்கோடிக்குக் கேட்கச் சண்டை பிடிக்கிற மனிசன். இஹ்ராம் உடுத்தபின் சச்சரவு கூடாது. எத்தனையோ வருடமாக ஆசைப்பட்ட ஹஜ்ஜை ஒரு கொளுக்கிக்காகக் கெடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முகம் சிவந்துபோய், உதடு துடிக்க நின்றார்.

கைப்பையைத் திறந்து ஒரு நாடாவை எடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அதை அவரிடம் கொடுக்கும்படி அந்தப் பெண் அதிகாரியிடம் சொன்னேன். அவள் நாடாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சுற்றிக் கட்டினார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார். மெஷின் வாய் திறக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். 

அவர் என்னிடம் வந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்திருந்தேன். குனிந்து, கடையில் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டார்.

"அவங்க ரெண்டு பேரும் பின்னுக்கு இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்காங்க. இன்னும் நாடா கெடக்கா?"

"ஓம், கெடக்கு."

இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. பாவாடை நாடா இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்தபடி, எல்லாரும் பார்க்க, அவர்கள் நின்ற தடுப்பு வரைக்கும் நடந்து போனார்.