பினாங்குப் பொம்மை

போன வாரம் ஒரு மத்தியானம். மகள் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கு அந்த வாடை வந்து சேர்ந்ததும் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. "ஜன்னலத் திறடி" என்றேன். குரல் எப்படி ஒலித்ததோ, அவள் பஞ்சைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். "நெயில் பாலிஷ் ரிமூவர்தானம்மா. ஆசிட்டா ஊத்துறேன்?"

அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இரண்டு வேலை பார்த்தேன். முதலாவது கப்பலூரில், பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்கிற ஒரு சின்ன பாக்டரியில். அச்சிலிருந்து சூடாக விழும் குடத்தில் பிசிறு, ஓட்டை பார்த்து ஒதுக்குவது என் வேலை. அந்த பாக்டரியை மூடியபோது பிளாஸ்டிக்கைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்போடு வெளியே வந்தேன். இருபத்து மூன்று வயதில் அந்த மாதிரி நினைப்புகள் சுலபமாக வரும்.

அந்த நினைப்பை நம்பித்தான் ரஹீம் பாய் எனக்கு வேலை கொடுத்தார். காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் அவருக்குப் பழம்பொருள் கடை இருந்தது. சுவர்க்கடிகாரம், கிராமபோன், பீங்கான் சாடி எல்லாம் முன்பக்கம். பின் அறையில் பொம்மைகள். பழைய வெளிநாட்டுப் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் அப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். அவற்றைத் துடைத்து, முடியைச் சீவி, தளர்ந்த கை கால்களுக்குள் புது எலாஸ்டிக் மாட்டி, உடுப்பை அலசிப் போடுவது என் பாடு. பல் துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி, குழந்தைகளுக்கான ஷாம்பூ. இவ்வளவுதான் ஆயுதங்கள்.

அந்த அறை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். காலையில் கதவைத் திறந்து லைட்டைப் போட்டால் நாற்பது ஐம்பது கண்கள் ஒன்றாக என்னைப் பார்க்கும். படுக்க வைத்தால் கண் மூடுகிற ரகப் பொம்மைகளில் ஒன்றிரண்டு பழுதாகி, படுத்த பிறகும் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும். அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் டிபன் டப்பாவையே திறப்பேன். பாய் இதைப் பார்த்துச் சிரிப்பார். "அதுக உன்னப் பாத்துல்லம்மா பயப்படணும்?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஒரு நாள் சொர்ணம் டீச்சர் வந்தார். டி. கல்லுப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, விறைப்பான பெண்மணி. மஞ்சள் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தார். முழங்கை நீளம், முதுகில் ஜப்பான் முத்திரை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம்.

"எங்கம்மாவுக்கு நெனவு தப்பிப்போச்சு. இதத்தான் நானுன்னு நெனச்சு மடியில வச்சிருக்காங்க. இதுக்கு ஊட்டுனாத்தான் அவங்களும் சாப்பிடுவாங்க" என்றார். "நான் பக்கத்துல போனா, யாரும்மா நீ, எம்புட்டு நேரமா நிக்கிறேன்னு கேக்குறாங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டிய சோறு காய்ந்து கழுத்து இடுக்கில் அப்பியிருந்தது. எறும்பு மொய்த்தது. ஒரு கை தொங்கியது.

"எறும்பு வராமப் பண்ணிரு. கையை இழுத்துக் கட்டிரு. வேற ஒண்ணும் வேண்டாம். அம்மாவுக்குக் கண்ணும் தெரியாது, தடவித்தான் பாப்பாங்க. நாளைக்கு மறுநாள் வாரேன்."

அந்த வாரம் பாய் கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். எனக்கு நல்ல ஜலதோஷம் வேறு. இந்த ஜலதோஷத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலப் பொம்மைகளில் பல செல்லுலாய்டு என்ற பழைய ரகப் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெருவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். வந்தால் அதன் பக்கத்தில் நெருப்பையும் கொண்டுபோகக் கூடாது, தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி எதையும் கொண்டுபோகக் கூடாது, பட்டால் உருகிவிடும். பாய் இதைப் பல தடவை சொல்லியிருந்தார். நான் தேய்த்தேன், முகர்ந்தேன். அடைத்த மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. கெட்டிப் பிளாஸ்டிக் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கழுத்தைச் சுத்தம் செய்தேன். கையைக் கட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கன்னத்தில் பழைய நீல மைக்கறை ஒன்று இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்துக் காட்டினால் டீச்சர் அசந்துபோவார் என்று தோன்றியது. என் கைப்பையில் இருந்த நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன்.

கன்னம் பிசுபிசுத்தது. பஞ்சு ஒட்டிக்கொண்டது. பதறி இழுத்ததில் தோலும் கூடவே வந்தது. அதைச் சமன் செய்கிறேன் என்று விரலால் அழுத்த, அழுத்திய இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. கையை எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்க முகம் முழுவதும் குழி குழியாக இருந்தது. அது இறுகி, அப்படியே நின்றுவிட்டது.

பொம்மையைத் துண்டில் சுற்றி மேஜையின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அலமாரியில் இருந்த மற்றதெல்லாம் என்னையே பார்த்தன. அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினேன்.

மறுநாள் போன் வந்தது. "நாளைக்கு வரட்டுமா?" டீச்சர்.

"இன்னும் காயல டீச்சர். ரெண்டு நாளாகும்."

அந்தப் பொய் எனக்கே நம்பும்படி இருந்தது. அதற்கடுத்த நாளும் மணி அடித்தது. "கொஞ்சம் சீக்கிரம் பாரும்மா. அம்மா ஒரு பருக்க கூட வாயில வைக்கல. கஞ்சியத் தட்டி விடுறாங்க." பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெலிந்த, ஓயாத குரல். "சொர்ணம்... ஏ சொர்ணம்... எங்கடி போன?" கூப்பிடப்பட்டவர் போனைப் பிடித்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உறுதியா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் பயந்தது டீச்சருக்காகவோ வேலை போய்விடும் என்றோ இல்லை. அந்தக் கிழவி செத்துப்போனால்? ஒரு மைக்கறைக்காக நான் ஓர் ஆளைக் கொன்றதாக ஆகாதா? நான்காம் நாள் போன் அடித்தபோது எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கிராமபோன் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணாடி அலமாரியில் இருந்த இன்னொரு பொம்மை நினைவுக்கு வந்தது. கிட்டத்தட்ட அதே உயரம், அதே ஜப்பான் முத்திரை. பாயைக் கேட்காமல் தொடக்கூடாத அலமாரி. எடுத்தேன். டீச்சர் பொம்மையின் சட்டையைக் கழற்றி இதற்கு மாட்டினேன். முடியை அதேபோல் வாரினேன். உருகியதையும் பைக்குள் அடியில் போட்டுக்கொண்டேன். கடையில் விட்டுப்போக ஏனோ பயமாக இருந்தது.

ரசீதுப் புத்தகத்தில் இருந்த டீச்சர் முகவரியைக் குறித்துக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். திருநகர் ஸ்டாப் வந்தபோது எங்கள் வீட்டுத் தெரு தெரிந்தது. இறங்கிப் போய்ப் போர்த்திப் படுத்துவிடலாமா என்றிருந்தது. கப்பலூரில் பழைய பாக்டரியின் துருப்பிடித்த கேட் தெரிந்தது. இறங்கவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். டி. கல்லுப்பட்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டு முன்னறையில் கட்டிலில் அவர் அம்மா சுருண்டு கிடந்தார். ஒரு கைப்பிடி உடம்பு. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. டீச்சர் என்னிடமிருந்து பொம்மையை வாங்கி, "அம்மா, இந்தா சொர்ணம் வந்துட்டா" என்று மடியில் வைத்தார்.

கிழவி எழுந்து உட்கார்ந்தார். தலையைத் தடவினார். சட்டையைத் தடவினார். எனக்கு மூச்சு திரும்பியது. அப்புறம் விரல்கள் நேராக இடது காலுக்குப் போயின. ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணின. நிஜப் பொம்மைக்குச் சுண்டுவிரல் உடைந்திருந்ததை அந்தக் கணத்தில்தான் நினைத்துக்கொண்டேன்.

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார். "அவுக ஆத்தா தேடுவால்ல. கொண்டுபோய்க் குடுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். பையின் அடியிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தேன். அவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அதை வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தார்.

கால் விரலைத் தொட்டதும் கிழவியின் உடம்பு தளர்ந்தது. "வந்துட்டியா" என்றபடி மேலே தடவிக்கொண்டே போனார். வயிறு, கழுத்து, தாடை. கன்னத்தில் கை நின்றது. குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தா எறங்கியிருக்காளே" என்றார் மெதுவாக. "புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. யாருடி என்கிட்ட சொல்லாம இருந்தது?"

"நாந்தாம்மா" என்றேன்.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"நீ பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா புள்ளைய யாரு பாப்பா?" கோபமே இல்லாமல் கேட்டார். பிறகு வேப்பிலை கொண்டுவரச் சொன்னார். வீட்டில் தாளிக்கக் கூடாது என்றார். புள்ளைக்கு ஆற வைத்த கஞ்சி வேண்டும், தனக்கும் ரெண்டு வாய் வேண்டும், ராத்திரியெல்லாம் முழித்திருக்க வேண்டுமே என்றார். டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்தபோது கிழவியின் கை தற்செயலாக அவர் கன்னத்தில் பட்டு, அங்கேயே நின்றது.

"ஒனக்கும் வந்துச்சா தாயி?"

அப்போதுதான் நான் டீச்சரின் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். பவுடருக்கு அடியில் கன்னம் முழுக்கப் பழைய அம்மைத் தழும்புகள்.

"வந்துச்சும்மா. அஞ்சு வயசுல."

"யாரு பாத்துக்கிட்டா?"

"எங்கம்மா."

"நல்லாப் பாத்திருக்கா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் வெளியே வந்தார். "கண்ணு தெரியாதுன்னு ஒன்கிட்ட சொன்னேன்ல. மூஞ்சி போச்சுன்னா போனுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிருப்பேன். அவங்க பட்டினி கெடந்தது பொம்மையாலயா? நீ சொன்ன பொய்யால." குரலை உயர்த்தாமல் சொன்னார். ஊர் திரும்புகிற பஸ்ஸில் அந்த மாற்றுப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலம் வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் வந்த அன்றே, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாமதித்தால் மறுபடி பயம் பிடித்துவிடும். கண்ணாடி அலமாரியைத் திறந்ததற்காக மட்டும் திட்டினார். இரண்டு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது. "புள்ளைக்கு மூணாந்தண்ணி ஊத்தியாச்சு, அம்மை போயிருச்சாம். நல்லாச் சாப்பிடுறாங்க." கன்னத்தைப் பூசிச் சரி செய்து தரட்டுமா என்று கேட்டேன். "அது அப்பிடியே இருக்கட்டும். இப்ப தெனமும் என் கன்னத்தையும் தொட்டுப் பாக்குறாங்க" என்றார்.

அதற்கப்புறம் டீச்சர் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அம்மா போய்விட்டார் என்று. பிறகு கூப்பிடவில்லை. ரஹீம் பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. சமீபத்தில் டி. கல்லுப்பட்டி வழியாகப் போனபோது அந்தத் தெருவுக்குள் நடந்து பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் கார் ஷெட் போட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு டீச்சரைத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் வயதுக்கு மேற்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஏதோ ஒரு பழக்கத்தில் அவர்கள் கன்னங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் சின்ன வயதில் அந்தத் தழும்பு முகங்கள் எல்லாத் தெருவிலும் இருந்தன, கடையில், கோயிலில், பக்கத்து சீட்டில். அந்தப் பெரியம்மை ஒழிந்தது நல்லதுதான். அதைத் தாண்டி வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் எல்லா முகங்களும் வழுவழுவென்று இருந்தன.