நூலில் ஒட்டியிருந்தது

ரயில் நிலையத்தின் மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்றில் அவளுக்கு வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். பதினொரு வருஷமாகச் சொல்கிறாள். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. காய்கறிக் கடையில் அவள் விலை கேட்க வாயெடுத்தாலே, "வண்டி எத்தனாவது நடைமேடைம்மா?" என்று கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும்.

அவள் பேசினால் அரை நொடி கழித்து அவள் குரலே வெளியிலிருந்து கண்ணாடியில் மோதித் திரும்பி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீழே யாரோ தன்னைப் போலவே பேசிக் காட்டுவதாகத் தோன்றும். பிறகு பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு முற்பகலில், மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த அரிப்பு தொடங்கியது. அடிவயிற்றுக்குக் கீழே, கை வைக்க முடியாத இடத்தில். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளாடையில் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். சிறுநீர் கழித்தால் எரிந்தது.

மருந்துக் கடைப் பெண்மணியிடம் காதோடு காதாகச் சொன்னாள். அவள் ஒரே ஒரு மாத்திரையைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "பூஞ்சைதான், பாதிப் பேருக்கு வர்றது" என்றாள். மூன்றாம் நாள் எல்லாம் போய்விட்டது. இவ்வளவுதானா என்று இவளும் மறந்துபோனாள்.

பதின்மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

மறுபடி மாத்திரை. மறுபடி மூன்று நாளில் சுகம். மறுபடி பன்னிரண்டு நாளோ பதின்மூன்று நாளோ கழித்து, சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றது. வேலை நடுவில் வரும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். வெளியே ஒலிக்கும் குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இருக்காது. அதைக் கேட்க அவளுக்கே ஒரு மாதிரியாக இருக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எந்த நோயும் இல்லாத வேறு எவளோ என்று நினைத்துக்கொள்வாள்.

தன் மேல்தான் தப்பு என்று தோன்றியது. சோப்புப் போட்டுக் கழுவினாள். கிருமிநாசினி கலந்து கழுவினாள். உள்ளாடைகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தனி வாளி, தனித் துண்டு என்று பிரித்து வைத்தாள். கழுவக் கழுவ எரிச்சல்தான் ஏறியது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதிகம் பேசாத மனிதர். இரவில் அவள் விலகி விலகிப் படுப்பதைப் பார்த்து, ஒரு நாள் அவரே கேட்டுவிட்டார்.

"என் மேல ஏதாச்சும் கோவமா?"

"இல்லீங்க. அசதியா இருக்கு."

"ஒரு வருஷமாவா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவரும் விட்டுவிட்டார்.

அரிக்கிற நாட்களை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். நல்ல நாட்களைத்தான் தாங்க முடியவில்லை. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது சட்டென்று கையை நிறுத்திக் காது கொடுப்பாள். கேட்க என்ன இருக்கிறது? இருந்தாலும் நிற்பாள்.

கடைசியில் ஊரின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனாள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பொய்ப் பெயர் எழுதினாள். ஏதோ ஒரு தெருவின் பெயரைப் போட்டு, கதவிலக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்றாள். அங்கே நர்ஸ் ஒரு பஞ்சுக் குச்சியை நீட்டி, "திரைக்குப் பின்னாடி போய் நீங்களே எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். படிவத்தில் நிறையக் கேள்விகள் இருந்தன. கருத்தடைச் சாதனம் ஏதாவது உண்டா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள். மறைக்க நினைத்து விடவில்லை. அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அறிக்கை வந்தது, மருந்து எழுதினார்கள், சரியானது, திரும்பி வந்தது. மூன்று முறை அதே பொய்ப் பெயரில் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். கணவரின் தங்கை, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்நேரமும் கிருமிப் பேச்சுத்தான். சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எங்க லேபுக்கு ஒரு கேஸ் வருது அண்ணி. மூணாவது தடவை, அதே ஆளு. பூஞ்சையை வளர்த்து, அது மேல மருந்து வில்லையை வெச்சா, சுத்தி வட்டமா செத்துப் போகுது. மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா பதினஞ்சு நாள்ல அந்தம்மா திரும்ப வந்துடுறாங்க. தட்டுல சாகுது, உடம்புல சாகமாட்டேங்குது."

"சோறு திங்கும்போது இதுதான் கிடைச்சுதா உனக்கு?" என்றார் அண்ணன்.

"பாவம், பேருகூடப் பொய்யாத்தான் இருக்கும். அந்தத் தெருவுல நான் குடியிருந்திருக்கேன். மொத்தமே நாப்பது வீடு. இவங்க நூத்திப் பன்னெண்டுன்னு எழுதியிருக்காங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஊர் முழுக்கக் கேட்கும் குரல் அவளுடையது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட அப்போது வெளியே வரவில்லை. இல்லாத ஒரு வீட்டில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றி, அவள் உடம்புக்குள் இருப்பதைப் பற்றி, நாத்தனார் பேசிக்கொண்டே போனாள்.

"எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு அண்ணி. மருந்து எட்டாத இடத்துல."

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் பரிசோதனைக்கூடத்துக்கே போய் நின்றாள்.

"நூத்திப் பன்னெண்டாம் நம்பர் நான்தான்."

நாத்தனார் கையிலிருந்த கண்ணாடித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காப்பர்-டி இன்னும் இருக்கா அண்ணி?"

ஏழு வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது பெண் பிறந்த பிறகு, மறுபடி கருத்தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் போட்டது. துணைக்கு வந்தவளே இந்த நாத்தனார்தான்.

"இருக்கு," என்றாள். சொல்லும்போதே படிவத்தில் வெறுமையாக விட்ட கட்டம் நினைவுக்கு வந்தது.

நாத்தனார் அவளைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். இந்த முறை சொந்தப் பெயர். மருத்துவர் வெளிச்சம் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துடலாம்மா" என்றார். இருமச் சொன்னார், இழுத்தார், முடிந்துவிட்டது. சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். அதன் வாலில் தொங்கும், மழமழவென்று இருக்க வேண்டிய இரண்டு நூல்களும் மங்கிப்போய், சாம்பல் நிறத் தோல் ஒன்றைப் போர்த்தியிருந்தன.

பாட்டிலை நாத்தனார் வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"இந்தக் குழாயில உங்ககிட்டேருந்து எடுத்த பூஞ்சை, தண்ணியில மிதக்கிறது. இதுல அந்த நூல் துண்டு. ரெண்டுலயும் ஒரே மருந்து. மருந்தைக் கழுவிட்டு புதுத் தண்ணி, புதுச் சத்து கொடுத்தேன். பாருங்க."

முதல் குழாய் பளிங்குபோல் தெளிந்திருந்தது. இரண்டாவது, கஞ்சித் தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது.

"ஒண்ணொண்ணாத் திரிஞ்சா இது சாகும் அண்ணி. ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அதுகளே ஒரு பசையைக் கக்கி, அதைப் போர்த்திக்கும். பயோஃபிலிம்னு சொல்வோம். மேல இருக்கிறது சாகும். உங்களுக்கும் சரியாயிடும். அடியில சிலது வளராம, ஒண்ணும் பண்ணாம சும்மா கிடக்கும். மருந்து நின்னதும் அங்கேருந்து புதுசாக் கிளம்பி வரும்."

"நான் நல்லா இருந்த நாள்லயும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

நூல் துண்டை வைத்திருந்த நுண்ணோக்கியில் அவள் கண்ணை வைத்தாள். முட்டை முட்டையாக மொட்டுகள். அவற்றின் நடுவே நீண்ட இழைகள், ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஒரு சந்து விடாமல். எதுவும் அசையவில்லை. அங்கிருந்து எதுவும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ வேற யாரையோ நினைக்கிறியோன்னு இருந்தேன்" என்றார் அவர். பிறகு, "மாத்திரைக்கு அலாரம் வெச்சுத் தர்றேன்" என்று அவள் போனை வாங்கினார்.

முதலில் இரண்டு வாரத்துக்கு மருந்து, அதற்குப் பிறகு ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு மாத்திரை என்றார் மருத்துவர். சோப்பும் கிருமிநாசினியும் வேண்டவே வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னார். அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நான்காம் மாதத்தில் ஒரு முறை அது எட்டிப் பார்த்தது. நூலில் மட்டுமில்லை, உட்சுவரிலும் இப்படி ஒட்டிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். மருந்தை மாற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது வழி நெடுக அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புது மருந்து கேட்டது. அரிப்பு அடங்கியது, எரிச்சல் போனது. மூன்று மாதம், ஐந்து மாதம் என்று நாள் ஓடியது. கணவரோடு பழையபடி சிரிக்கவும் சண்டை போடவும் முடிந்தது.

வருஷம் திரும்பியபோது மறுபடி சோதனைக்குக் கொடுத்தாள். நாத்தனாரே பார்த்துச் சொன்னாள்.

"நோய் இல்ல அண்ணி. நல்லா இருக்கீங்க."

"ஒண்ணுகூட இல்லையா?"

நாத்தனார் கையுறையைக் கழற்றினாள். "அப்படிச் சொல்ல முடியாது. இது நிறையப் பேர் உடம்புல கொஞ்சமா இருக்கும். ஒண்ணும் பண்ணாது. இருக்கிறதே தெரியாது."

"உனக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். யாரு தேடிப் பார்த்தா?"

சொல்லிவிட்டு நாத்தனார் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீரை நிறுத்தினாள். ஒரு கணம் நின்றாள். மறுபடி குழாயைத் திறந்து, முதலிலிருந்து கழுவத் தொடங்கினாள்.