கேமராவுக்கு அப்பிய சந்தனம்

என் வீட்டுக்காரர் வைத்தியலிங்கத்துக்கு இரண்டு வேலை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடுவது ஒன்று. எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திவைத்துப் படம் எடுத்து உயிரை வாங்குவது இன்னொன்று. விவசாயத்தில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய பிலிம் கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் பெரிய இவர். செல்போனில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்பார். அதனால் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க அவர் எடுத்தவைதான்.

அவற்றைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதை எடுத்தாலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு செம்மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்குள் நான். மகள் காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, எதிலுமே எனக்கு மூஞ்சி கிடையாது, சேலை மட்டும் தெரியும். சம்பந்தி அம்மா ஒரு தடவை, ஓரத்தில் நிற்பது யாரென்று என்னிடமே கேட்டார். இவரிடம் சண்டை போட்டால் பிலிம் மட்டம் என்பார், லேபில் சரியாகக் கழுவவில்லை என்பார். என் சேலை மினுங்குகிறது என்றுகூட ஒரு நாள் சொன்னார். அடுப்படியிலிருந்து கடைசி ஆளாக ஓடி வருவதால்தான் நமக்கு ஓரம் கிடைக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சித்திரையில் மகள் கவிப்ரியா கனடாவிலிருந்து வந்திருந்தாள். அங்கே அவள் வீட்டில் மாட்ட, அப்பா கையால் எடுத்த குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்றாள். கேமராவைச் சரிபண்ணாமல் நான் நிற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கடல் தாண்டிப் போயும் கோடாகத் தொங்க என்னால் ஆகாது.

கவிப்ரியாதான் செல்போனில் தேடி வழி கண்டுபிடித்தாள். நெல் மூட்டை அடுக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினோம். பிலிம் இல்லாத கேமராவுக்குள் சின்ன டார்ச் ஒன்றை எரியவிட்டு மூடினோம். உள்ளே இருக்கும் வெளிச்சம் எந்த வழியாக வெளியே வருகிறதோ, அந்த வழியாகத்தான் வெயில் உள்ளே போகிறது. பின்மூடியின் கீல் நெடுக மெல்லிசாக ஒளி கசிந்தது.

மூடியைத் திறந்து பார்த்தோம். வெளிச்சம் புகாமலிருக்கக் கீலோரம் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு உருகித் தாராகிக் கிடந்தது. தொட்டால் விரலோடு நூல் நூலாக இழுத்தது. அதன்மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு. மோந்து பார்த்தேன். சந்தனம். அரிவாளுக்கும் பம்பு செட்டுக்கும் வைப்பதுபோல, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கேமராவுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்புவார். முன்னால் லென்ஸ் இருக்கிறதே என்று பின்னால் கீல்மேல் வைத்திருக்கிறார். மறுநாள் ஈரத்துணியால் துடைக்கிறேன் பேர்வழி என்று அவ்வளவையும் இடுக்குக்குள் தள்ளியிருக்கிறார். மூடி எப்படிப் படியும்?

பல்குத்தும் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சுரண்டினார். சுரண்டிய கறுப்பைத் தலையணை உறையில் தேய்த்தார், கதவுத் தாழ்ப்பாளில் தேய்த்தார், என் சாப்பாட்டுத் தட்டில்கூட விரல் பதிந்திருந்தது. சீ, என்ன ஜென்மமோ. கடைசியில் என் சடைக் குஞ்சத்திலிருந்து கறுப்பு உல்லன் நூலை வெட்டி, கீலோரப் பள்ளத்தில் வைத்து ஒட்டினாள் கவிப்ரியா. திரும்பவும் டார்ச்சை வைத்துப் பார்த்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது.

"இடது ஓரத்துலதான் கோடு விழும்னு எனக்கு எப்பவோ தெரியும். ஏன் விழுதுன்னுதான் பிடிபடல."

தெரிந்துமா என்னை அங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"வேற யார நிறுத்துறது? சம்பந்திய நிறுத்துனா கோவிச்சுக்குவாங்க. எங்க அக்கா சும்மா விடுமா? நீன்னா ஒண்ணும் சொல்லமாட்ட."

கையில் ஒட்டிய தார் சோப்புப் போட்டதும் போய்விட்டது. இந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. கவிப்ரியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே குளித்துப் பட்டுக் கட்டி, யாரும் கூப்பிடுமுன் போய் நடுவில் நின்றுகொண்டேன். அவர் கேமராவில் டைமரைத் திருகிவிட்டு ஓடி வந்தார். இடது ஓரம்தான் காலியாக இருந்தது, அங்கே நின்றார். சென்னையில் கழுவி வந்த படத்தில் கோடு இல்லை. என் முகம் மூக்குத்தியோடு முழுசாக இருந்தது. கனடாவுக்கு ஒன்று போனது, கூடத்தில் ஒன்று மாட்டினோம்.

ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கிவைத்தோம். சந்தனக் கிண்ணத்தோடு கேமரா முன்னால் வந்தவர் அப்படியே தயங்கி நின்றார். வைக்காமல் விட்டால் சாமி குத்தமாகிவிடுமோ என்று முணுமுணுத்தார்.

"வைங்க," என்றேன். "கீலு மேலயே நல்லா அப்புங்க. இனிமே அந்த ஓரத்துல நிக்கப்போறது நீங்கதானே."

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பம்பு செட்டுக்குப் பொட்டு வைக்கப் போனார்.