கேம் மாநாட்டில் ஒரு செகண்ட்ஸ் வியாபாரி

ரசிகனாகப் போய்ப் பேட்டி எடுப்பது சம்பளமில்லாத வேலை. ஆனால் திட்டு மட்டும் சம்பளக்காரனுக்குக் குறையாமல் கிடைக்கும். மைக்கைத் தூக்கிக்கொண்டு, "அண்ணா, ஒரே ஒரு கேள்வி" என்று யார் பின்னாலாவது ஓடியிருக்கும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வேலம்பாளையத்தில் எனக்குச் செகண்ட்ஸ் வியாபாரம். ஏற்றுமதிக் கம்பெனிகள் கழித்துவிட்ட டீ-சர்ட்டை மொத்தமாகப் பேசி எடுத்து, தரம் பிரித்து விற்பேன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. பனியன் கம்பெனியில் எடுபிடியாக இருந்த காலத்தில், எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் தொற்றிய வீடியோ கேம் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இப்போது அதற்கென்று ஒரு யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன். பேசுவது நான், செல்போனைப் பிடித்துப் படம் எடுப்பது என் மனைவி சுகந்தி.

கேம் உருவாக்குபவர்களின் மாநாடு இந்த முறை எங்கள் ஊரிலேயே, நிட்டிங் மிஷின் கண்காட்சி நடக்கும் ஹாலில் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஒரே ஒருத்தர், தூத்துக்குடிப் பக்கத்து மாரிச்செல்வி. தனி ஆளாக உட்கார்ந்து 'கழிமுகம்' என்று ஒரு கேம் செய்தவர். இருட்டில் உப்பு மூட்டை ஏற்றிய படகை, சேற்றிலும் பாலத்திலும் இடிக்காமல் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். படகு கடலைத் தொட்டதும் முதல் பாகம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. இரண்டாம் பாகத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகிறார் என்று பேச்சு. மாநாட்டுக்கு அந்த இரண்டாம் பாகத்தின் டெமோ கொண்டுவருகிறார், ஜனங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றார்கள். வருமா, வராதா? நேரில் கேட்டே தீருவது என்று கிளம்பினேன்.

போறேன் என்றால் போய்விடுவதா

பேட்டி நேரம் ஒதுக்கும் மேஜையில் ரேஷ்மா என்ற சென்னைப் பெண் இருந்தார். ரசிக சேனல்களுக்கு மாரிச்செல்வியோடு பத்து நிமிடம், அதுவும் முதல் நாளே என்றார். நல்ல நேரம்தான். ஆனால் சொன்ன விலைக்கு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அரை மணி நேரம் கேட்டேன். பத்து என்றார். இருபது என்றேன். பத்து என்றார். "அப்படின்னா வேண்டாங்க, நான் போறேன்" என்று திரும்பி நடந்தேன். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் வேறு. நான்கு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், வந்து கையைப் பிடிக்கும், பாதிக்காவது இறங்கும்.

குரல் வரவில்லை. தூண் வரைக்கும் போய், தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றேன். அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரர் என் நேரத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறார். மேஜைக்கு ஓடிச் சத்தம் போட்டேன். கடைசி நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல் ரேஷ்மா சொன்னது: "சார், போறேன்னு சொன்னீங்க. போயிட்டீங்கன்னு நெனச்சோம்."

பெரிய கம்பெனியின் உற்சாகம்

அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரியைப் பிடித்தேன். கோட்டு போட்ட மனிதர். பக்கத்திலேயே ஒரு உதவியாளர், என்ன கேட்டாலும் முதலில் அவர் முகத்தைத்தான் அதிகாரி பார்த்தார். புது கேம் எப்படி? "ரொம்ப உற்சாகமா இருக்கோம்." ஏன் தள்ளிப்போனது? "உற்சாகமா இருக்கோம்." போன கேமில் பாதியில் திரை உறைந்து நின்றதே? அதற்கும் உற்சாகம்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "அய்யா, உங்க கேமை நீங்க ஒருக்காவாச்சும் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அக்கம்பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன்.

உதவியாளர் கேமராவைக் கையால் மறைத்துவிட்டு, நேராக ரேஷ்மாவிடம் புகார் சொல்லப் போனார். ரேஷ்மா வந்து, இன்னொரு புகார் வந்தால் நுழைவு பாஸைப் பிடுங்கிவிடுவோம் என்றார். பாஸ் போனால் மாரிச்செல்வியின் ஐந்து நிமிடமும் போச்சு. சுகந்தி என் முழங்கையைக் கிள்ளிய கிள்ளில் வாயை மூடிக்கொண்டேன். ரேஷ்மாவும் உதவியாளரும் நகர்ந்ததும் அந்தக் கோட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். பேரைச் சொல்லமாட்டேன், அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்: "மூணாவது லெவலையே இன்னும் தாண்டலைங்க, வெளிய சொல்லிராதீங்க."

நல்லாருக்கு, நல்லாருக்கு

மாரிச்செல்வியின் ஸ்டால் கழிவறைக்குப் போகிற வழியில், ஒரு மூலையில் இருந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் இரண்டு நிமிடம் புது ஆற்றில் படகை ஓட்டுவார்கள், முதல் பாலத்தில் இடிப்பார்கள், "சூப்பர் மேடம்" என்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர் ஆடுகிறவர்களின் முகத்தையே பார்க்கவில்லை. பின்னால் நின்று அவர்கள் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கன்ட்ரோலரை விட்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடும். நான் கூச்சத்தில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து வந்து ஆடினேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஆடினேன். டெமோ முழுவதையும் முடித்துவிட்டேன்.

கடைசி நாள் காலையில் ரேஷ்மா அங்கே வந்து, சாயங்காலம் மேடையில் இரண்டாம் பாகத்தைப் பற்றி அறிவித்துவிடலாமா என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால் மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் நின்றிருந்தேன். மாரிச்செல்வி சொன்ன பதில்: "எல்லாரும் நல்லாருக்குன்னுதான்க்கா சொல்லுதாங்க, ஒருத்தரும் ரெண்டாவது தடவ கையில எடுக்கலியே. இத விட்டுட்டு வேலைக்கே போயிரலாம்னு பாக்கேன்."

ஐந்து நிமிடம்

கண்ணாடி அறை. நடுவில் இரண்டு நாற்காலி. சுகந்தி செல்போனைப் பிடித்தாள். மாரிச்செல்வி சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, "கேளுங்க அண்ணாச்சி" என்றார். எப்படியாவது இந்தப் பெண்ணை விடாமல் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற வெறியில் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ரெண்டாவது பாலத்துக்கிட்ட படகு திரும்பவே மாட்டேங்குது. அலைச் சத்தம் ஒரே மாதிரி இருக்குது. மழையில துடுப்பே கண்ணுக்குத் தெரியலை. கடைசி வளைவு சுத்த மோசம்."

செகண்ட்ஸ் எடுக்கப் போகிற எவனும் சரக்கைப் பார்த்து நல்லாருக்கு என்று சொல்லமாட்டான். காலரை இழுப்பான், தையலை வெளிச்சத்தில் பிடிப்பான், சாயம் மங்கல் என்பான். குறை சொல்லச் சொல்ல விற்கிறவனுக்குத் தெம்பு வரும், இவன் எடுக்கத்தான் போகிறான் என்று. எடுக்காதவன்தான் "நல்லாருக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவான். இருபது வருஷமாக இப்படியே பேசிப் பேசி, மனசுக்குப் பிடித்தது எதைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் குறைதான் வரும். இது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவர் கண் நிறைந்துவிட்டது. மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கதவைத் திறக்குமுன் திரும்பாமலே சொன்னார்: "நீங்க ஒருத்தராச்சும் உண்மையச் சொன்னீங்க. ரொம்ப நன்றி."

பாஸ்

மாரிச்செல்வி கண்கலங்கிப் போனதைப் பார்த்த ரேஷ்மா, பாஸைக் கேட்டு வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் விளக்கினேன். காலர், தையல், சாயம் எல்லாம் சொன்னேன். அவர் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. சத்தம் போட்டேன். கை மடங்கவில்லை. கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்; கொடுத்தேன் என்பதைவிட அவர் கையில் அடித்தேன் என்பது சரி. காவலாளி கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

வெளியே வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி ஆரம்பித்துவிட்டாள். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்கு இல்லை: "ஏனுங்க, மனசு ஒடஞ்சு நிக்கற புள்ளகிட்டப் போயி பனியன் பேரமா பேசுவீங்க? கேமு வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

பேக்கரி வாசலில்

எதிரில் இருந்த பேக்கரியில் டீ சொன்னோம். டீ ஆறிப்போகும் வரை நான் தொடவில்லை. அப்போது ஹால் கேட்டைத் தாண்டி மாரிச்செல்வி வந்தார். முதுகில் பை, கையில் பெட்டி. மேடை அறிவிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் அதற்கு நிற்கவில்லை. பேக்கரி வாசலில் இருந்த ஆட்டோவிடம் ரயில்வே ஸ்டேஷன் என்றார். டிரைவர் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். நான் எழுந்தேன். கூப்பிடத்தான் எழுந்தேன், ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? எதைச் சொன்னாலும் குறையாகத்தான் வரும் என்று பயமாக இருந்தது. அதற்குள் சுகந்தி போய் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, ஒரு நிமிசம். இவரு என்னையப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, எங்க ஊட்டுக் கதவு கோணலா இருக்குதுன்னாரு. காப்பியில சக்கரை பத்தலைன்னாரு. ஊட்டை விட்டு எந்திரிச்சே போகலை. எங்கப்பா கண்டுபுடிச்சுட்டாரு, இவன் கட்டிக்காம போகமாட்டான்னு."

மாரிச்செல்வி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அண்ணாச்சி, அந்தக் கடைசி வளைவு..." என்று இழுத்தார். "என் டெமோவுல அந்த வளைவு வரைக்கும் ஒருத்தரும் வரலியே. நான்தான் பின்னாலயே நின்னேன். நீங்க எப்பப் பார்த்தீங்க?" நீங்கள் சாப்பிடப் போனபோது என்றேன். எத்தனை தடவை என்றார். எண்ணவில்லை என்றேன். வளைவில் எந்தப் பக்கம் இடித்தது, மழை வரும்போது கண் எங்கே போனது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்தும் ஏன் விடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, "கரைக்குத் திரும்பிப் போக மனசு வரலீங்க" என்றேன். ரேஷ்மாவின் அழைப்பு அவர் செல்போனில் வந்து வந்து நின்றது. ஆட்டோ டிரைவர் பொறுமையிழந்து, "ஏறுறீங்களா, இல்லீங்களா அம்மணி?" என்றார். மாரிச்செல்வி பெட்டியை இறக்கச் சொன்னார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, டீ டம்ளர்களை ஒதுக்கிவிட்டு மேஜையில் வைத்தார். பிறகு, மேஜைக்கு எதிரே என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னது: "அண்ணாச்சி, ரெண்டாம் பாகத்த விடுதாப்புல இல்ல. மிச்சக் கொறையச் சொல்லுங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஆக, பாஸ் வாங்கிப் போன மாநாட்டில் உருப்படியாக நடந்த ஒரே பேட்டி, பாஸ் பறிபோன பிறகு, சுகந்தி செல்போனை எடுக்கவே மறந்துபோன இடத்தில், கேள்வி அவரும் பதில் நானுமாக நடந்ததுதான்.