கரண்ட் இல்லாத கம்பி

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது எனக்கு அல்ல, என் அக்கா வீட்டுக்காரருக்கு. அவருக்குப் பொய் சொல்ல வராது. லீவு கேட்கும்போதுகூடக் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாமல், "இன்னைக்கு வர மனசில்ல சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நள்ளிரவெல்லாம் கிடையாது. பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? நடந்தது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது.

அவர் மின்சார ரயில் ஓட்டுகிறவர். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சாந்தம். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ரயில் பாதைக்கு மேலே கம்பி ஓடுகிறதே, அதில் முழுக்க ஒரே கரண்ட் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு மின்நிலையம் கொடுக்கும், அதற்கு அப்பால் இன்னொன்று கொடுக்கும். இந்தக் கரண்டும் அந்தக் கரண்டும் தொட்டுக்கொண்டால் வெடிதான். முகத்தில் முழிக்காத அண்ணன் தம்பிக்கு நடுவில் ஒரு வீட்டைக் காலியாகப் போட்டு வைப்பது போல, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் கம்பியைக் கரண்ட் இல்லாமல் விட்டிருப்பார்கள். நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். சாந்தம் அதைச் செத்த கம்பி என்பார். அது வருவதற்கு முன்பே பாதையோரம் பலகை இருக்கும். பலகையைப் பார்த்ததும் டிரைவர் எஞ்சினின் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட வேண்டும். வந்த வேகத்திலேயே வண்டி உருண்டு அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஆன் செய்ய வேண்டும். நடுவில் நின்றால் தொலைந்தது. இன்னொரு எஞ்சின் வந்து தள்ளும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான்.

சாந்தம் ஏற்கனவே ஒரு தடவை அப்படி நின்றவர். ஆள் ஆளுக்குக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஓய்வறையில் அவருடைய கட்டிலில் 'இங்கே கரண்ட் இல்லை' என்று யாரோ எழுதி ஒட்டிவைத்தார்கள். மேலதிகாரி சுருக்கமாக முடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை நின்னா மெயின் லைனை மறந்துடுங்க. யார்டுதான்." யார்டு என்றால் காலிப் பெட்டிகளை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் வேலை. "அதுக்கு நான் வீட்டுலயே கட்டிலைத் தள்ளிட்டு இருப்பேனே" என்று அக்காவிடம் புலம்பியிருக்கிறார். ஓடுகிற வண்டியும் எதிர்க்காற்றும் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு மத்தியானம் மூன்றே கால் மணி. லேசான மேடு. பலகை வந்தது. ஆஃப் செய்தார். வண்டி உருண்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போதுதான் திருப்பத்தில் ஆட்டு மந்தை.

ஹாரன். பிரேக். மறுபடி ஹாரன். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, மாமியார் வீட்டுக்குப் போவது போல ஆற அமரத் தண்டவாளத்தைக் கடந்தன. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டி நின்றுவிட்டது.

உதவி டிரைவர் ஒரு பெண். எதற்கும் பதறாதவர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டுச் சொன்னார். "சார்... செத்த கம்பிக்கு அடியில நிக்கிறோம்."

"தெரியுதும்மா. எனக்கும் கண்ணு இருக்கு."

கன்ட்ரோல் அறைக்குப் போன் போட்டார். எல்லா வண்டிகளையும் கட்டி மேய்க்கிற இடம் அது. ரயிலில் போனால் ஒன்றரை மணி நேரத் தூரம். அங்கே இருந்த கன்ட்ரோலரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குரலைத்தான் தெரியும்.

"மறுபடியுமா?" என்றது குரல்.

"ஆடு சார்."

"ஆடாம். ஆட்டு மேல பழியைப் போடு. பின்னாடி ரெண்டு வண்டி நிக்குதுய்யா!"

சாந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு அவருடையது இல்லை. ஆனால் ஆடா வந்து விசாரணையில் சாட்சி சொல்லப்போகிறது?

டக்... டக்...

எஞ்சின் கதவை யாரோ தட்டினார்கள். எட்டிப் பார்த்தார். கீழே ஒரு லைன்மேன். தலையில் ஹெல்மெட், இடுப்பில் கயிறு. சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெயிலுக்கு வியர்த்திருக்கும் என்று நினைத்தார்.

"கரண்ட் இல்லல்ல?" என்றான் அவன்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினது போல் இருந்தது. "இருந்தா நான் எதுக்குய்யா இங்க நிக்கிறேன்? இல்ல, போ!"

அவன் தலையாட்டினான். வண்டியை ஒட்டிப் பின்பக்கமாக நடந்தான். அவன் போன பிறகுதான் சாந்தத்துக்கு ஒன்று உறைத்தது. ஜல்லியில் நடந்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். இவன் நடந்ததற்குச் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வாடை... முடி கருகினது போல.

இருக்கிற தலைவலியில் இது வேறயா என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எஞ்சின் கூரையில் கம்பியைத் தொட்டுக் கரண்ட் வாங்கும் கைகள் இரண்டு உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வழக்கமாகப் பின்கையைத்தான் தூக்கி வைத்திருப்பார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்கைதான் செத்த கம்பிக்கு அடியில் இருந்தது. முன்கைக்கு நேர் மேலே நல்ல கம்பி! பின்கையை இறக்கிவிட்டு முன்கையைத் தூக்கினால் வண்டி சொந்தக் காலில் கிளம்பிவிடும். பத்து நிமிடத் தாமதத்தோடு போய்விடும். யார்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு கைகளும் கூரை மேல் இணைந்தவை. பின்கை முழுசாக இறங்காமல் முன்கையைத் தூக்கினால், செத்த கம்பிக்கு உயிர் வந்துவிடும்.

கன்ட்ரோலரிடம் சொன்னார். "அதைச் செய் முதல்ல. காத்து இறங்கறதுக்குள்ள தூக்கு," என்றார் அவர். கைகளைத் தூக்குவது எஞ்சினில் அடைத்திருக்கும் காற்றுதான். எஞ்சின் நின்றுவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

சாந்தம் பின்கையை இறக்கும் சுவிட்சைத் தட்டினார்.

இறங்கவில்லை.

மறுபடி தட்டினார். ம்ஹூம். கீழே குதித்து ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார்.

கம்பத்தின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் செத்த கம்பியைப் பிடித்திருந்தான். இன்னொரு கையால் எஞ்சினின் பின்கையைப் பிடித்திருந்தான். நெரிசலான பஸ்ஸில் நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வது போல.

"யோவ்! கையை விடு! இறங்குய்யா!"

அவன் திரும்பவே இல்லை.

உதவி டிரைவரும் இறங்கி ஓடி வந்தார். "யாரைச் சொல்றீங்க சார்?"

"மேல பாரும்மா!"

பார்த்தார். "யாரும் இல்லையே சார்..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "சார்... கீழ பாருங்க."

கம்பத்தின் நிழல் ஜல்லியில் சாய்ந்து விழுந்திருந்தது. அந்த நிழலின் மேல் ஒரு ஆளின் நிழல். மேலே இருந்தவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கீழே நிழல் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. "தூக்கிட்டியா?"

"மேல ஆள் இருக்கான் சார்."

"எங்க ஆளுங்க மொத்தமும் டிப்போவுலதான் இருக்காங்க. அங்க ஒருத்தனும் இல்ல. தூக்கு!"

"லைன்மேன் சார். நானே பாக்கறேன்..."

"வெயில்ல உனக்குக் கண்ணு கட்டுது. இப்பத் தூக்கல, யார்டுக்கு நானே எழுதறேன்!"

இதற்குள் பயணிகள் வேறு இறங்கி வந்துவிட்டார்கள். "ஃபேன் ஓடல, குழந்தை அழுவுது. உனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதாய்யா?" என்று ஒருவர் கையை நீட்டி நீட்டிக் கேட்டார். காற்று காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. சாந்தம் எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்தார். முன்கையின் சுவிட்ச் மேல் விரலை வைத்தார். ஒரு தட்டு. அவ்வளவுதான். மெயின் லைன் மிஞ்சும்.

இல்லாத ஆளுக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதா?

இருந்தால்?

விரலை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டையும் கம்பியையும் தன்னையும் சேர்த்துத் திட்டினார்.

டங்...

கூரை மேல் பின்கை விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். கம்பத்தில் யாரும் இல்லை. கீழே கம்பத்தின் நிழல் மட்டும். எஞ்சினுக்குள் ஏறினார். முள்ளில் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது.

"இறங்கிட்டான் சார்! இதோ தூக்கறேன்!"

போனில் ஒரு இரைச்சல்.

"சார்?"

மூச்சு வாங்கும் சத்தம். அதற்குப் பின்னால், கன்ட்ரோல் அறைக்குள்ளிருந்து, நிதானமாக ஒரு குரல்...

"கரண்ட் இல்லல்ல?"

அதே குரல்.

"தூக்காத..." என்றார் கன்ட்ரோலர்.

"சார், அவன்தான் இறங்கிட்டானே..."

"தூக்காதய்யா! இங்க... இங்க வந்து நிக்கறான்..."

தொடர்பு அறுந்தது.

சாந்தம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று முழுக்க இறங்கிவிட்டது. ஆறு மணிக்கு வேறு எஞ்சின் வந்து தள்ளியது. மறுநாளே யார்டு.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்விதான். முன்கையைத் தூக்கியிருக்கலாமே, ஏன் தூக்கவில்லை? "கன்ட்ரோலர் தூக்க வேணாம்னு சொன்னார்," என்றார். எழுத்தில் இருக்கிறதா என்றார்கள். கன்ட்ரோலரோ அன்றைக்கு வீட்டுக்குப் போனவர்தான், அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. ஒரே ஒரு வரி அவர் எழுதிக் கொடுத்தால் மெயின் லைன் திரும்பக் கிடைக்கும். சாந்தம் விலாசம் விசாரித்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கே போனார்.

மனைவி கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அந்தப் புழுக்கத்திலும் ஃபேன் ஓடவில்லை. மூலையில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. இப்போதும் குரல்தான்.

"நீ தூக்காதது நல்லதாப் போச்சு," என்றது குரல். "நான் தூக்கினேன்."

அவரும் ஒரு காலத்தில் டிரைவராம். பல வருடங்களுக்கு முன்பு அதே இடத்தில், அதே செத்த கம்பிக்கு அடியில் நின்றாராம்.

"அன்னைக்குக் கொட்டுற மழை. நனைஞ்சுகிட்டே ஒரு லைன்மேன் வந்து கேட்டான். இல்ல, ஏறுன்னு சொன்னேன். அப்புறம்தான் முன்கை ஞாபகம் வந்துச்சு. கிளம்பற அவசரத்துல அவன் மேல இருக்கறதையே மறந்துட்டேன். பின்கை முழுசா இறங்கல..."

இருட்டில் நாற்காலி கிரீச்சிட்டது.

"விசாரணையில கேட்டாங்க. என்கிட்ட யாரும் வரல, யாரும் கேக்கலன்னு சொல்லிட்டேன். சொல்லாம ஏறினது அவன் தப்புன்னு முடிச்சுட்டாங்க. அவன் என்ன கேட்டான்னு எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்."

சாந்தத்துக்கு வந்த காரியம் ஆக வேண்டுமே. "நடந்தது நடந்துபோச்சு சார். எனக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க. என் பிழைப்பு சார்."

"தர்றேன். காகிதம் கொடு."

கொடுத்தார். அந்த இருட்டில் காகிதம் எது, கை எது என்றே தெரியவில்லை. சாந்தம் சுவரைத் தடவினார். சுவிட்ச் தட்டுப்பட்டது.

"போடாத!" கன்ட்ரோலர் அலறினார். "அவன் இன்னும் இறங்கல!"

மனைவியின் குரல் கதவோரத்திலிருந்து வந்தது. "அன்னையிலிருந்து இப்படித்தாங்க. ஒரு சுவிட்சைத் தொட விடமாட்டேங்கறார்."

சாந்தத்தின் விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது.

சொட்.

புறங்கையில் ஒரு துளி. சில்லென்று.

சொட்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே முடி கருகின வாடை.

அவர் மேலே பார்க்கவில்லை. விரலை எடுத்தார். காகிதத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டார்.

இன்றைக்கும் யார்டில்தான் இருக்கிறார், காலிப் பெட்டிகளைத் திட்டியபடி. "மறுபடி போய்க் கேட்டிருக்கலாமே, கையில கிடைச்ச மெயின் லைனை விட்டுட்டீங்களே," என்று நான்தான் ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். வழக்கம்போல் எரிந்து விழுவார் என்று பார்த்தேன். விழவில்லை.

"அவன் என்கிட்டயும்தானே கேட்டான்," என்றார். "நானும் இல்லன்னுதானே சொன்னேன்."

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. கூடத்தில் அவர் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தார். லைட்டைப் போடலாம் என்று சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

"கொஞ்சம் இரு," என்றார், மேலே பார்த்தபடி.