சித்தியும் டயர் இழுக்கும் நாயும்

என் சித்திக்கு டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலை. நாயை வாங்கியது சித்தப்பா. பனியில் வண்டி இழுக்கும் பெரிய ஜாதி. குட்டியாக இருந்தபோது தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். அது ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கத் தொடங்கியதும் கயிற்றைச் சித்தி கையில் கொடுத்துவிட்டார்.

தினமும் வெயில் ஏறுமுன் சித்தி அதன் மார்பில் பட்டை கட்டி, பழைய லாரி டயரைப் பின்னால் மாட்டி, நாக்குத் தள்ளும்வரை மைதானத்தில் இழுக்க விடுவாள். அதன் பிறகுதான் அது வீட்டு நாய்.

ஒருநாள் கடையில் ஜாக்கி நழுவிச் சித்தியின் பாதம் நசுங்கியது. அவள் படுத்துவிட, ஓட்டமில்லாத நாய் மெத்தையைக் கிழித்தது, கதவைப் பிறாண்டியது, ஊளையிட்டது.

"காலைல கொஞ்சம் ஓட்டிட்டு வாங்களேன். அது வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் சித்தி.

"அதுக்குக் கொழுப்பு. சோத்தை நிறுத்தினா தானா அடங்கும்" என்றார் சித்தப்பா.

நிறுத்தினார். அடங்கவில்லை. பெல்ட்டால் விளாசினார். நான் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று நாய் கதவின் அடிப்பலகையைக் கடித்துப் பெயர்த்திருந்தது, ஈறெல்லாம் ரத்தம். சித்தப்பா இரும்புக் கம்பியை ஓங்கினார். முதல் அடி அதன் விலாவில். அடுத்தது, குறுக்கே விழுந்த சித்தியின் முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நாய் அவர் தொடையைக் கவ்வி உலுக்கியது. நான் குடத்துத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிய பிறகே விட்டது.

"நாய் வண்டிக்குப் போன் பண்றேன்! ஊசி போட்டுக் கொன்னு தூக்கிட்டுப் போகட்டும்!" தொடையைத் துண்டால் இறுக்கிக்கொண்டு கத்தினார்.

"பண்ணுங்க. உங்களுக்கும் ஒரு ஊசி சேத்துச் சொல்லுங்க" என்ற சித்தி என் பக்கம் திரும்பினாள். "பட்டையை எடுடி."

நான் நாய்க்குப் பட்டை கட்டி டயரை மாட்டினேன். நடக்க முடியாதவள் டயருக்குள் உட்கார்ந்தாள். ஒடிந்த கை மடியில் கிடந்தது. நாய் ஒரே இழுப்பு. தெரு நெடுக டயர் தேய்ந்த கோடு. நான் பின்னாலேயே ஓடினேன். நாய் வண்டி வந்தபோது வீட்டில் சித்தப்பா மட்டும்தான்.

சித்தி இப்போது கடையின் பின்னறையில் இருக்கிறாள். கை கோணலாகத்தான் கூடியது. போன மாதம் சித்தப்பா வந்து, "வீட்டுக்கு வா, இனி கை நீட்ட மாட்டேன்" என்றார்.

சித்தி பட்டையை அவர் காலடியில் போட்டாள். "நாளைக்குக் காலைல வந்து நீங்க ஓட்டுங்க. அப்புறம் பேசலாம்."

மூலையில் கிடந்த நாய் எழுந்து நின்றது. சித்தப்பா நொண்டிக்கொண்டே தெருமுனை வரை ஓடினார்.

"பாருடி," என்றாள் சித்தி, "மனுசனுக்கு ஓடத் தெரிஞ்சிருக்கு."